டிஸ்க்கைக் கழற்றிய பிறகு வந்த சிவப்பு அரளி

அம்மனை நம்பி வாழும் அன்பர்களுக்கு, திருமயம் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன்.

என் மனைவி மீனாளுக்குப் புற்றுநோய். புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை பாதி முடிந்திருந்தது. போன தை மாதம் அது திடீரென்று நின்றது. நடுவில் இடைவெளி விழவே கூடாது என்று முதல் நாள் சொன்னவர்கள், இப்போது கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். காரணம் நோய் அல்ல, கம்ப்யூட்டர்.

நோயாளிகளின் ஸ்கேன் படங்களும், யாருக்கு எந்த இடத்தில் எவ்வளவு கதிர் என்ற திட்டமும் ஒரு சர்வரில் இருந்தன. அதில் இரண்டு டிஸ்க். ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும். ஒன்று செத்துவிட்டது. மற்றது சாகக் கிடந்தது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்ததை உருவிவிட்டுப் புதியதைச் செருகலாம் என்பது விற்றவர்களின் வாக்கு. செருகினார்கள். மெஷின் அப்படியே உறைந்துவிட்டது. செத்ததையே திரும்பச் செருகி, அணைத்துப் போட்டபோது மிச்சமிருந்த டிஸ்க் முனகிக்கொண்டே எழுந்தது. இன்னொரு தடவை அணைத்தால் எழாது. காப்பு நகல் எங்கே என்று கேட்டேன். எடுப்பதாக இருந்தார்களாம்.

டிஸ்க்குக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கும் நடுவில் நின்று பேசும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். ஓய்வு பெறும்வரை அதை எழுதித்தான் நான் சம்பளம் வாங்கினேன். அந்த சர்வரில் ஓடியதும் எனக்குப் பழக்கமான சிஸ்டம்தான். டிஸ்க் மாற்றும் விதிமுறை முழுவதும் எனக்கு மனப்பாடம். வீட்டில் ஒரு பழைய மெஷினில் சில நாட்கள் சோதித்தேன். ஒரு நாள் ஒழுங்காக வேலை செய்தது. மறுநாள் உறைந்தது. அதே டிஸ்க், அதே கை, அதே விதிமுறை. ஒன்றும் புரியவில்லை. அம்மன் படத்தின் முன் நின்று, தாயே, எனக்கு வழி தெரியவில்லை என்று சொன்னேன். அப்படி ஒரு வாக்கியத்தை நான் எந்த அலுவலகத்திலும் சொன்னதில்லை.

எங்கள் ஊரில் எதையும் தொடங்குமுன் அம்மனிடம் பூக்கேட்பார்கள். வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் செய். சிவப்பு என்றால் செய்யாதே. சிவப்பு வந்தால் அடுத்த பூசைவரை மறுபடி கேட்கக்கூடாது. மிச்ச டிஸ்க்கும் போவதற்குள் நானே வந்து மாற்றிப் பார்க்க மருத்துவமனையில் சம்மதித்தார்கள். காலைப் பூசையில் கேட்டுச் சொல்கிறேன், அதுவரை கை வைக்காதீர்கள் என்று மீனாள் சொல்லி அனுப்பினாள். நானோ பஸ்ஸை விட்டு இறங்கிய வேகத்தில் செத்த டிஸ்க்கை உருவிவிட்டேன். புதியதைக் கையில் எடுக்கும்போது போன் அடித்தது.

"சிவப்பு வந்திருக்குங்க. தொடாதீங்க."

"கழட்டியாச்சு."

"அப்ப மாட்டாதீங்க. உச்சிக்காலப் பூசையில திரும்பக் கேக்குறேன்."

"அம்மனுக்கு டிரைவர் எழுதத் தெரியுமா?"

"ஒங்களுக்குத் தெரிஞ்சு மட்டும் என்ன ஆச்சு?"

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நிர்மலா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சிகிச்சை அவங்களுக்குத்தானே சார். அவங்க சொல்றதக் கேப்போம்," என்றார். காலியான இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பாதியில் நிறுத்து என்று எந்த விதிமுறையிலும் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

உச்சிக்காலத்தில் வெள்ளை வந்தது. செருகினேன். மெஷின் உறையவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. நகல் ஓட ஆரம்பித்தது. நிர்மலா கும்பிட்டார். நான் கும்பிடவில்லை, குழம்பினேன். போன வாரம் உறைந்தது இன்று ஏன் உறையவில்லை?

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. வீட்டில் சோதித்தபோது, உருவிவிட்டுக் காப்பி குடிக்கப் போன நாட்களில் எல்லாம் சரியாக நடந்தது. அவசரமாகச் செருகிய நாட்களில்தான் உறைந்தது. ஒரு டிஸ்க்கை உருவினால், அதன் பெயரில் பாக்கி நிற்கும் வேலைகளை டிரைவர் ஒவ்வொன்றாக முடித்து வைக்க வேண்டும். அது முடியுமுன் புதிய டிஸ்க் வந்தால், அதே இடம் என்பதால் அதற்கும் அதே பெயர். செத்ததன் வேலைகள் புதியதன் தலையில் விழும். பழையது முடியட்டும் என்று புதியது காத்திருக்கும், புதியது பதில் சொல்லட்டும் என்று பழையது காத்திருக்கும். இரண்டும் நகராது. மெஷின் உறையும்.

பழைய வேலைகள் முடியும்வரை புதிய டிஸ்க்கை உள்ளே விடாதே என்று டிரைவரில் சில வரிகள் சேர்த்தேன். அதன் பிறகு எவ்வளவு அவசரமாகச் செருகினாலும் உறையவில்லை. அந்த சிஸ்டத்தைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எங்கோ இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார். அரளியைப் பற்றி எழுத ஆரம்பித்து அழித்தேன். காத்திருந்தபோது தெரிந்தது என்று மட்டும் எழுதினேன். அது பொய்யில்லை.

மீனாளுக்குச் சிகிச்சை மறுநாளே தொடர்ந்து, முழுவதும் முடிந்தது. கட்டி இப்போது இல்லை என்கிறார்கள். போன வாரம் முளைப்பாரி பார்க்க அவளே நடந்து போனாள்.

அம்மனுக்கு டிரைவரைப் பற்றித் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மீனாளிடம் கேட்டால், "வேணுங்கிறது கெடச்சிருச்சில்ல, அப்பறம் என்ன விசாரண?" என்கிறாள். அன்று அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் விதிமுறைப்படி உடனே செருகியிருப்பேன். மெஷின் உறைந்திருக்கும். இன்னொரு தடவை அணைத்துப் போட்டிருப்போம், மிச்சமிருந்த டிஸ்க் எழுந்திருக்காது.

அன்பர்களே, உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தாலும் கேளுங்கள். சந்தேகத்தோடு கேட்டாலும் பரவாயில்லை, நான் அப்படித்தான் கேட்டேன். வேண்டாம் என்று பதில் வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். வெள்ளிதோறும் நான் அம்மனுக்குச் சிவப்பு அரளிதான் வாங்கிப் போகிறேன்.