எட்டாவது போலிக் கடிதம்

மட்டாஞ்சேரிக்கு வரும் எந்தக் கடிதத்தையும் வைத்தீஸ்வரன் சந்தேகப்படாமல் விட்டதில்லை. மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதி ஓய்வு பெற்றவர். பாங்க் பேரில் வந்தது, லாட்டரி பேரில் வந்தது, துபாயில் வேலை என்று வந்தது என இதுவரை ஏழு போலிகளைப் பிடித்திருந்தார். அவருடைய கணக்கு ஒன்றே ஒன்றுதான்: திருடனுக்கு இங்கிலீஷ் வராது. தெருவே அதை நம்பியது.

அந்த நம்பிக்கையில்தான் கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி காளியம்மை, மகள் மஞ்சுஷாவுக்கு வந்த வேலை உத்தரவை அவரிடம் கொண்டுவந்தாள். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் சரக்குக் கம்பெனி. ஏழு நாளுக்குள் பதில் போட வேண்டும்.

மூன்றாவது வரியிலேயே வைத்தீஸ்வரனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. இங்கிலீஷில் மொத்தம் பதினான்கு தப்பு.

"கம்பெனிக்காரன் இப்படி எழுதுவானோ? சுத்த மோசடி. பதில் போடாதே."

"சாமி, இன்டர்வியூக்கு நான் நேர்ல போய்ட்டு வந்தேனே! ஆபீஸ் உண்டு, ஆள் உண்டு" என்றாள் மஞ்சுஷா.

"ஆபீஸை ஒரு நாள் வாடகைக்கு எடுக்க முடியாதோ? நோக்கு ஒண்ணும் தெரியாது."

"சாமி சொன்னா செரியாத்தானே இருக்கும்" என்று காளியம்மை மகளை அடக்கிவிட்டாள்.

பத்தாம் நாள், அதே மாதிரிக் கடிதம் வாங்கிய பக்கத்துத் தெரு அஞ்சனா கழுத்தில் கம்பெனி அட்டையோடு வேலைக்குப் போனாள். வைத்தீஸ்வரன் அந்த அட்டையையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலும் ஒரு தப்பு. ஆனால் வேலை நிஜம். ஒரு பெண்ணின் பிழைப்பைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டிருந்தார்.

மறுநாள், தாமதத்துக்குத் தானே காரணம் என்று ஒரு கடிதம் எழுதி, நாலு தடவை திருத்தி, கடையில் டைப் அடித்து, மஞ்சுஷாவோடு படகேறினார்.

ஆபீஸில் ரமேஷ்பாபு என்ற இளம் மலையாளி அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"இதாரு எழுதினது?"

"நான்தான்."

"பொய் வேண்டா, ஸாரே. போன்ல ஏஐ எழுதினதல்லே? மனுஷன் இத்ர கரெக்டா எழுதுவானா? தினம் இதுபோல இருபது வருது. எல்லாம் கள்ளத்தரம்."

வைத்தீஸ்வரனின் இங்கிலீஷை இதுவரை யாரும் திருட்டுச் சரக்கு என்று சொன்னதில்லை. ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

மஞ்சுஷா அவருக்காகக் காத்திருக்கவில்லை. மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து, ஒரு துண்டுக் காகிதத்தில், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், வேலை வேண்டும் என்று நாலு வரி எழுதி நீட்டினாள். வைத்தீஸ்வரன் எட்டிப் பார்த்தார். ஆறு தப்பு.

ரமேஷ்பாபுவின் முகம் தெளிந்தது. "இது ஒரிஜினல். ஒரு இடம் பாக்கி உண்டு. திங்கட்கிழமை வந்து ஜாயின் பண்ணிக்கோ."

திரும்பும் படகில் மஞ்சுஷா அம்மாவிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். வைத்தீஸ்வரன் தன் கடிதத்தைப் பிரித்து, எங்காவது ஒரு தப்பு இருக்காதா என்று வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தார்.