கெண்டைக்குப் போட்ட சீனி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ளகரமும் ழகரமும் இடம் மாறியிருந்தால் வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓடியது. அதன் மேல்புறத்தில் சீனி ஆலை. மாமாவுக்கு அங்கேதான் வேலை. வாய்க்காலில் வால் பாதி அறுந்த கெண்டை ஒன்று இருந்தது. காலையில் நான் போடும் சோற்றுக்கு அதுதான் முதலில் வரும். அது என்னுடைய மீன் என்றே நினைத்திருந்தேன்.

கரும்பு அரைக்கத் தொடங்கிய வாரம் தண்ணீர் தேயிலைச் சாயம் போலானது. புளித்த கரும்புப் பாணியின் மணம் வேறு. ஒருநாள் காலை மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. என் கெண்டையும்தான். சோறு போட்டேன். அது திரும்பியும் பார்க்கவில்லை.

மாமாவிடம் ஓடினேன்.

“ஆலையிலயிருந்து சீனித் தண்ணியெல்லோ வருது, மருமோன். ருசி கண்டிட்டுது. இனி உன்ர பழஞ்சோத்தைத் தின்னுமோ?”

“இன்னும் சீனி வேணுமாமோ?”

“அதையே கேட்டுப் பார்!”

நான் போய்க் கேட்டேன். அது வாயைத் திறந்தது.

அம்மாவின் சீனிப் போத்தலிலிருந்து இரண்டு கைப்பிடி அள்ளி வந்து, அதன் வாய்க்கு நேராகத் தூவினேன். மறுநாள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தது. சீனி குறைந்ததற்கு அம்மா அடித்தார். அடிக்காகத்தான் அழுகிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள்.

போன கிழமை, இப்போது நாங்கள் இருக்கும் ரண்டர்ஸில், மகள் பள்ளிப் பாடத்துக்காக மடிக்கணினியில் ஒரு படம் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கத்தைய ஃபியோர்ட் என்ற கடற்கழியில், அதே போல வாயைத் திறந்தபடி மீன்கள்.

“இல்ட்ஸ்வின், அப்பா” என்றாள். எனக்கு விளங்கவில்லை. டேனிஷில் சொல்லிப் பார்த்துவிட்டுத் தமிழில் தடுமாறினாள். “தண்ணிக்குள்ள இருக்கிற காத்து முடிஞ்சுது. மூச்செடுக்க மேல வருதுகள்.”

சீனி ஆலைக் கழிவுத் தண்ணீரும் இப்படிச் செய்யுமா என்று கேட்டேன். தேடிப் பார்த்தாள்.

“ஓம். அதில இனிப்பு இருக்குத்தானே. அது பழுதாகேக்க காத்தெல்லாம் முடிஞ்சிடும். ஏன் கேக்கிறீங்கள்?”

“சும்மாதான்” என்றேன். இரண்டு கைப்பிடியைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தக் கெண்டை என்னிடம் கேட்டது உண்மைதான். என்ன கேட்டது என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.

எழுதி முடித்தது: ஞாயிற்றுக்கிழமை, 31 ஓகஸ்ட் 2025.