இடாப்பில் வெட்டிய பெயர்

இலக்கியம் படிப்பிப்பது இலேசான தொழில் என்று நினைப்பவர்கள் ஒரு தவணை எங்கள் வகுப்பில் வந்து நிற்க வேண்டும். சுனாமியாய்க் கடல் வந்துபோன அடுத்த வருஷம், கல்லடியில் ஒரு தகரக் கொட்டகையில், உயர்தர ஆங்கில இலக்கியத்துக்கு எனக்கு ஆறு பிள்ளைகள். பாடம் ஒரு பழைய நாடகம். முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஊரொன்றில் சில பெண்பிள்ளைகள் கத்திக் குழறி, இவள் சூனியக்காரி என்று கைநீட்டுகிறார்கள். நீதிமன்றம் நம்புகிறது. இன்னொருவர் பெயரைச் சொன்னால் உயிர் தப்பலாம், சொல்லாவிட்டால் தூக்கு. சக ஆசிரியர்களே, பாடத்திட்டம் உங்களுக்கும் இப்படிச் சதி செய்திருக்கும்.

சூனியம்

சூனியக்காரி என்று கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு சிரித்தது. மட்டக்களப்புக்கு வருபவரை மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்டவைப்பார்கள் என்று வெளியூரில் எங்களைப் பற்றிச் சொல்வது பிள்ளைகளுக்குத் தெரியும். நீதிபதியின் வசனங்களை வாசிக்க நான் பிடித்துவைத்திருந்த சசி, ஆறு பேரிலும் வாய்க்காரன், எழும்பிச் சொன்னான்: "அந்த நீதவான் இஞ்ச வந்திருந்தா ஒரு ஊரும் மிஞ்சாது மிஸ்."

கடல் வருகுது

குழறும் கட்டத்தை உணர்ச்சியோடு வாசியுங்கள் என்று சொன்னது என் புத்தி. கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில், கடல் வந்து நாலு மாதத்தில், எந்த மடைச்சி அப்படிச் சொல்வாள்? மூன்று பிள்ளைகள் குழறினார்கள். பக்கத்துக் கொட்டகையில் யாரோ "கடல் வருகுது" என்றார்கள். ஒரு நிமிஷத்தில் முழுப் பள்ளிக்கூடமும் பாலத்தை நோக்கி ஓடியது. குழறியது என் வகுப்புத்தான் என்று தெரிந்த நானும் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

பாலத்தில் அதிபர் மூச்சிரைக்க நின்று, முதலில் கத்தியவரின் பெயரைக் கேட்டார். ஆளுக்காள் கைகாட்டினார்கள். வவுணதீவிலிருந்து வரும் ரஜனி, அதிகம் பேசாத பிள்ளை, ஒருவரையும் காட்டவில்லை. "குழறினது நாங்க சேர். ஓடினது எல்லாரும்."

தலையாட்டி

கைநீட்டுபவர்களை ஊர் எப்படி நம்பியது என்று விளக்க மூன்று பாடவேளை ஒதுக்கியிருந்தேன். மூன்று நிமிஷமே போதுமாக இருந்தது. இராணுவச் சுற்றிவளைப்பில் ஊரை வரிசையாக நடத்துவார்கள். தலையில் சாக்குப் போட்ட ஒருவன், கண்ணுக்கு இரண்டு ஓட்டையோடு, ஜீப்புக்குள் இருந்து பார்ப்பான். அவன் தலையாட்டினால் ஆள் போய்விடும். தலையாட்டி என்ற சொல்லை எங்கள் பிள்ளைகள் அரிச்சுவடியோடு படித்தவர்கள். "அந்தப் பொட்டைகள் சாக்குப் போடாத தலையாட்டிகள்" என்றான் சசி.

எல்லோரும் சிரித்தார்கள், ரஜனியைத் தவிர. அவளுடைய அண்ணனை அப்படிக் கொண்டுபோய் அப்போது எட்டு வருஷம். நான் அதை மறந்துபோயிருந்தேன். அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை. அவள் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னாள்: "எங்கட அண்ணாக்கு அவன் தலையாட்டல்ல மிஸ். இருமினவன். இருமினா தலை ஆடும்தானே."

இடாப்பு

பிள்ளைகளின் வரவைப் பதியும் இடாப்பை நான் வெள்ளிக்கிழமைகளில் மொத்தமாக நிரப்புவேன். இதற்காக அதிபரிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. சண்டைக்கு ஆள் சேர்க்கப் பெடியன்மாரைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கிய நேரம், சசியைத் தாய் களுவாஞ்சிக்குடியில் பெரியம்மா வீட்டில் ஒளித்துவைத்தார். ஐந்து பேரோடு வகுப்பு நடந்த ஒரு வியாழக்கிழமை, யாரென்று சொல்லாத இருவர் உள்ளே வந்து இடாப்பைக் கேட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க வெறுமையாகக் கிடந்தது. "இப்ப கூப்பிடுங்க டீச்சர்" என்றான் ஒருவன். வராதவர்களைத்தான் தேடுகிறார்கள் என்று விளங்கியது. அன்றன்றைக்கே நிரப்பியிருந்தால் சசி அந்த இடாப்பிலேயே அகப்பட்டிருப்பான்.

அவன் என் தோளுக்குப் பின்னால் நின்று பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தான். ஒன்றைத் தாண்டிப் போக வழியில்லை. நான்காவது பெயர் சசி. கூப்பிட்டேன். ரஜனி எழும்பி, "வந்திருக்கன் மிஸ்" என்றாள். ஆணுக்கும் பெண்ணுக்கும் வைக்கிற பெயர் என்பதால் அவன் விரல் நிற்காமல் கீழே போனது.

கடைசிப் பெயர் ரஜனி. பதில் இல்லை. "இவ எங்க?" என்று கேட்டான். ரஜனியே சொன்னாள்: "அவ கலியாணம் முடிச்சுப் போயிற்றா." மற்ற நாலு பிள்ளைகளும் புத்தகத்திலிருந்து தலையெடுக்கவில்லை. அவன் என் சிவப்புப் பேனையை எடுத்து நீட்டினான். "கட்டிப் போனவட பேர் இதுல என்னத்துக்கு? வெட்டுங்க டீச்சர்."

ஒரு பெயர் மிச்சம்

வெட்டினேன். சசி தப்பினான். ஆனால் ரஜனி கலியாணம் முடித்த கதை அவளுக்கு முன்னால் வவுணதீவுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் ஊரைக்கூடச் சனம் கண்டுபிடித்திருந்தது. பேசி வந்த இரண்டு இடம் அதைக் கேட்டுத் திரும்பிப் போனது. எங்களால் மறுக்க முடியாது. மறுத்தால் அன்றைக்கு எழும்பிய சசி யாரென்று கேட்பார்கள்.

சண்டை முடிந்த வருஷம், வேலைக்கு விண்ணப்பிக்க நற்சான்றிதழ் கேட்டு வந்தாள். பழைய இடாப்பைத் தேடியெடுத்து, சிவப்புக் கோட்டுக்கு மேலே அவள் பெயரைத் திரும்ப எழுதிக் கையெழுத்து வைத்தேன். அழுதுவிட்டேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் இடாப்பை மூடி என்னிடம் தந்தாள். "என்ட பேரை நீங்க எழுதிட்டீங்க மிஸ். அண்ணாட பேரை எந்த இடாப்பில எழுதச் சொல்லி ஆரிட்டக் கேக்குற?"

இடாப்பை அன்றன்றைக்கே நிரப்பச் சொல்லி அதிபர்மார் இன்றைக்கும் ஏசுகிறார்கள். நான் இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான் நிரப்புகிறேன்.