பொன்முடியில் நல்ல பனி

என் சகலை வீட்டுக் கூடத்தில் ஒரு படம் தொங்குகிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பரில் பொன்முடியில் எடுத்தது. சுற்றிலும் பனிமூட்டம், ஒரே வெள்ளை. நடுவில் சகலையின் மூக்கும் மஃப்ளரும் மட்டும் தெரியும். நாங்கள் அலுவலக மாற்றலில் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் கரமனைக்கு வந்து ஆறு மாதமாகிறது. சகலை வீடு நாலு தெரு தள்ளி; அவர் இங்கே வந்து பல வருஷமாகிவிட்டதால் பேச்சில் பாதி மலையாளம். போகும்போதெல்லாம் என் மனைவி அந்தப் படத்தின் முன்னால் நின்று, "அத்தான் குடுத்து வச்சவுக" என்பாள். நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்தப் பயணத்துக்குக் காரணம் இயற்கை ரசனை அல்ல, வயிற்றெரிச்சல். அவளை ஒரு தடவையாவது என் பக்கத்தில் பனிக்குள் நிற்க வைத்து ஒரு படம் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வருஷம் குளிர்காலம் என்று ஒன்று வரவே இல்லை. ஜனவரியில் மின்விசிறி ஐந்தில் சுற்றியது. "பூமியே சூடாகுதாமே, மலையில மட்டும் குளிருமா?" என்று சகலையிடம் கேட்டேன். "அதெல்லாம் வெள்ளைக்காரன் கெளப்பி விடுறது. பொன்முடி எங்க போகும் சகலை? ஒரு வருஷம் கூடும், ஒரு வருஷம் குறையும், அத்ரதான்" என்றார். படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார். படம் இருக்கிறவருக்கு என்ன, சொல்லலாம்.

எதற்கும் விசாரித்துவிடலாம் என்று, பொன்முடி அடிவாரமான வித்துராவில் ஜீப் ஓட்டும் ஷாஜியைத் தொலைபேசியில் பிடித்தேன். ஆறு மாத மலையாளத்தில், "மேலே பனி உண்டோ?" என்று கேட்டேன். "உண்டு சாரே, நல்ல பனியா. இவிடெ எல்லா வீட்டிலும் பனியாணு. இப்போ வரண்டா" என்றார். வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிற பனி! வரவேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் பனி! அன்று சாயங்காலமே சாலைக் கடைவீதிக்குப் போய் இரண்டு ஸ்வெட்டரும் இரண்டு குரங்குக் குல்லாவும் வாங்கினேன். ஜனவரி வெயிலில் ஸ்வெட்டர் கேட்ட என்னைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

இரண்டாம் சனிக்கிழமை. தம்பானூரில் காலை 6.10 பேருந்து, நெடுமங்காடு வழியாக வித்துரா. ஆளுக்குப் பத்தொன்பது ரூபாய், ஒன்றரை மணி நேரம். வித்துராவில் ஷாஜி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண் சிவக்க நின்றிருந்தார். மேலே போய்வர அறுநூறு ரூபாய் பேசினோம்.

கல்லாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. மொத்தம் இருபத்திரண்டு. ஷாஜி இருமிக்கொண்டே ஓட்டினார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"பனியா சாரே."

"எங்கே?" என்று நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினேன். அவர் ஒரு கையால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். "சாரு மஞ்ஞாணோ சோதிச்சது?" என்று ஷாஜி வண்டியையே நிறுத்திவிட்டார். நான் கேட்க வந்ததற்கு அவர்கள் சொல்வது மஞ்ஞு. "அய்யோ, மஞ்ஞு ஈ கொல்லம் இல்ல சாரே!" கொல்லம் என்றால் வருஷம்; இந்த வருஷம் இல்லவே இல்லையாம். என் மனைவி குரங்குக் குல்லாவை மெதுவாகக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.  திட்டியிருந்தால் தேவலை.

ஏன் இந்த வருஷம் இத்தனை காய்ச்சல் என்றேன். "தணுப்பில்லல்லோ, கொதுகு போணில்ல" என்றார். குளிர் வந்தால்தானே கொசு ஒழியும். அப்போ பூமி சூடாவது நிஜம்தானே என்றேன். "அதொக்கெ பத்ரக்காரு எழுதுந்நதா" என்று சொல்லிவிட்டு மறுபடி இருமினார். காய்ச்சல் நிஜம், கொசு நிஜம், குளிர் இல்லாதது நிஜம், மற்றது மட்டும் பத்திரிகைக்காரர்கள் எழுதுவது.

உச்சியில் 9.20. பளிச்சென்று வெயில், எதிர்மலைப் புல்லைக்கூட எண்ணலாம். டீக்கடைச் சேச்சி இந்த வருஷம் புதிதாக ஒரு ஐஸ்பெட்டி வாங்கிப் போட்டு, சோடாவும் சர்பத்தும் விற்றுக்கொண்டிருந்தார். "இந்நலெ வரணமாயிருந்நு. வெளுப்பினு குறச்சு உண்டாயிருந்நு" என்றார். நேற்று விடியற்காலையில் கொஞ்சம் இருந்ததாம்! நேற்று வந்தவன் எவனோ, அவன் மேலும் எனக்கு வயிறு எரிந்தது. "தெனமும் இதத்தான் சொல்லுவாக போல" என்றாள் மனைவி. இருந்தாலும் ஒரு படம் எடுத்தோம். அதில் என் மூக்கு மட்டுமல்ல, மூக்கில் வழியும் வியர்வையும் தெளிவாக விழுந்திருக்கிறது.

"அத்தானுக்கு மட்டும் எப்படித்தான் வந்துச்சோ" என்றாள் இறங்கும்போது. நான் இருபத்திரண்டு வளைவையும் எண்ணிக்கொண்டே வந்தேன்.

திரும்பிய நாலாம் நாள் எனக்குப் பனி. ஷாஜி சொன்ன பனி. பல் கிடுகிடுக்க அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். சகலை ஆரஞ்சோடு பார்க்க வந்தார். என் மனைவி காப்பி போடப் போனதும் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சகலை, ஒரு காரியம் சொல்றேன், பொம்பளைங்ககிட்ட சொல்லப்படாது கேட்டோ. போன மாசம் ஆபீஸ் ஆளுகளோட நானும் மேல போனேன். ஒண்ணும் இல்ல, வெயிலு. அதுக்கு முந்தின வருஷமும் போனேன், அப்பவும் இல்ல."

"பின்ன ஏன் பொன்முடி எங்க போகும்னு சொன்னீங்க?"

"பின்ன எந்து சொல்ல?" என்றார். கொஞ்ச நேரம் ஆரஞ்சை உருட்டிக்கொண்டிருந்தார். "அந்தப் படத்துல நிக்கிறவனப் பாத்தா இப்ப எனக்கே வயிறு எரியுது."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆறு மாதமாக இதற்குத்தானே காத்திருந்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இதை இங்கே எழுதிவிட்டேன், சகலை மன்னிக்க வேண்டும். எப்படியும் அவர் இணையம் பக்கம் வருவதில்லை.

போக நினைப்பவர்களுக்கு: வித்துராவிலிருந்து மேலே இருபத்துமூன்று கிலோமீட்டர். காலை எட்டரைக்குள் ஜீப்பில் ஏறிவிடுங்கள். ஸ்வெட்டர் வேண்டாம், கொசு மருந்து தடவிக்கொள்ளுங்கள். தொலைபேசியில் விசாரிக்கும்போது மறக்காமல் மஞ்ஞு என்று கேளுங்கள். இருக்கிறது என்று யாராவது சொன்னால் லீவு, இரண்டாம் சனி எதையும் பார்க்காதீர்கள், அன்றைக்கே கிளம்புங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போயிருந்தோம். என் மனைவி வழக்கம்போல அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றாள். நானும் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், எங்களுக்குப் பின்னால் சகலையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.