கிழிக்க முடியாத தாள்

எங்கள் ஊரில் ஒரு பிரசன்ட்டைப் பிரிக்க மூன்று விநாடி காணும். மேலே சுற்றிய தாளை எவரும் பார்ப்பதில்லை. நகம் ஒரு மூலையில் பாயும், தாள் இரண்டாகும், உள்ளே கண்ணாடிக் கோப்பை செட்டா சுவரில் மாட்டுகிற மணிக்கூடா என்பது மட்டும்தான் கேள்வி. கல்முனையில் சித்திரம் படிப்பிக்கிற எனக்கு இது நெடுநாள் எரிச்சல். பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். கணக்கு ரீச்சருக்கு மேலதிகமாக ஒரு பாடவேளை வேண்டுமென்றால் முதலில் பறிபோவது என்னுடையது. அதனால்தான் பின்னேரங்களில் பிரசன்ட் சுற்றும் தாளை நானே வரைந்து, அச்சடித்து, விற்கத் தொடங்கினேன். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தரம், கிழிக்குமுன் நின்று பார்த்து, "இதைக் கிழிக்க மனம் வரவில்லை" என்று சொல்ல வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

கல்யாண அட்டையும் தேர்தல் நோட்டீசும் அடிக்கிற அச்சகம் ஒன்றுக்கு என் முதல் வரைபடத்தைக் கொண்டுபோனேன். நெற்கதிர், தோணி, நண்டு எல்லாம் பின்னிப் பிணைந்த படம். முதலாளி கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"ரீச்சர், ரோசாப்பூவும் கரடிக்குட்டியும் போடுங்க. நண்டு சுத்தின பிரசன்ட்ட ஆரு வாங்குவான்?"

நான் கேட்கவில்லை. தாளும் தடிப்பாகப் போய்விட்டது. மடித்த இடமெல்லாம் மை வெடித்து, நண்டின் காலெல்லாம் முறிந்து கிடந்தது. இரண்டாம் தரம் மெல்லிய தாளில் அடித்து பரிசுப் பொருள் விற்கிற ஒரு பென்சிக் கடையில் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், கடைக்காரர் அதைக் கண்ணாடி அலுமாரித் தட்டுகளில் விரித்து, அதன்மேல் கரடிக்குட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்.

"நல்ல தாள் ரீச்சர், தூசி புடிக்குதில்ல" என்று பாராட்டினார்.

பிறகு கேட்டவர்களுக்கு ஓடர் எடுத்து அடிக்கத் தொடங்கினேன். தேர்தலில் நின்ற ஒருவர், பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கொப்பிப் பார்சல்களுக்குத் தன் முகம் போட்ட தாள் கேட்டார். பல் முழுதும் தெரியச் சிரிக்கிற முகம். மேடையிலேயே பிள்ளைகள் பார்சலைப் பிரித்தார்கள். முதலில் மூக்குப் போனது, பிறகு பல். அவர் தோற்றதற்கும் என் தாளுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

இந்த நேரத்தில்தான் மதினியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மதினி என்றால் என் கணவரின் மூத்த சகோதரி. அவர் மெச்சாத எதுவும் எங்கள் குடும்பத்தில் நல்ல பொருளாகாது. பல வருடத்துக்கு முன் அவர் வீடு கட்டிக் குடிபுகுந்தபோது, அந்த வீட்டையே இரண்டு மாதமாக வரைந்து, சட்டம் போட்டு, கையால் கோலமிட்ட தாளில் சுற்றிக் கொடுத்தேன். அடுத்த நாளே ரெலிபோனில் கோல் எடுத்தார்.

"உன்ட பிரசன்ட் மிச்சம் வடிவு புள்ள. அறையிலதான் வெச்சிரிக்கன்."

அந்த அறை எதுவென்று அதன்பிறகு பல தரம் போயும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது மதினி ஒரு யோசனையோடு வந்தார். ஒவ்வொரு அழைப்பிதழோடும் என் தாளில் ஒன்றை மடித்து வைத்துக் கொடுப்பாராம். பிரசன்ட் எல்லாம் ஒரே நிறத்தில் வந்தால் போட்டோவுக்கு வடிவாம். வெறுங்கையோடு வராதீர்கள் என்று சொல்ல இதைவிட மரியாதையான வழி உலகத்தில் இல்லை. நானும் விடவில்லை. மணமக்களுக்கு ஓதுகிற துஆவை அழகிய அறபு எழுத்தில், பச்சைத் தாளில் பொன்னிறக் கொடி ஓடுவதுபோல் மூலைக்கு மூலை நிரப்பினேன். இதைக் கண்டால் கிழிக்க எவருக்கும் கை வராது என்று நினைத்தேன்.

நினைத்தது அப்படியே பலித்தது. கல்யாணம் முடிந்து ஐந்தாம் நாள் மதினியின் கோல் வந்தது.

"புள்ள, என்ன வேல பாத்து வெச்சிரிக்காய்? தாள் முழுக்க அல்லாட பேர். கிழிக்கவும் ஏலா, நிலத்துல வெக்கவும் ஏலா!"

போய்ப் பார்த்தேன். சாப்பாட்டு மேசை, அலுமாரியின் தலை, மாப்பிள்ளையின் புதுக் கட்டில் எல்லாவற்றிலும் பச்சைப் பார்சல்கள். எங்கள் வழக்கப்படி பெண் வீட்டில் குடியேறிய புது மாப்பிள்ளை ஹோலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். ஏதோ ஒரு பார்சலில் மஸ்கட் இனிப்பு இருந்திருக்க வேண்டும், எறும்பு வரிசை மட்டும் யோசிக்காமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மதினியின் கணவரான மச்சான் ஏற்கெனவே மௌலவியிடம் கேட்டுவிட்டிருந்தார். மிதிபடாமல், கிழிபடாமல் எடுத்துச் சுத்தமான இடத்தில் புதைக்கச் சொன்னாராம்.

"அடிச்ச ஆள் அடுத்த தரம் கொஞ்சம் யோசிச்சா நல்லம் எண்டும் சொன்ன" என்றார் மச்சான், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தாளை எப்படிப் பிரிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தவள், பிரித்தபின் அது எங்கே போகும் என்று யோசிக்கவே இல்லை.

"நீதானே செஞ்ச, நீயே பிரிச்சித் தா. எங்களுக்குப் பயமா இரிக்கு" என்றார் மதினி. தொழுகைக்குப் போலக் கை, முகம், கால் கழுவி ஒழு எடுத்து, சவர பிளேட்டோடு உட்கார்ந்தேன். ஒட்டின இடத்தை மட்டும் கீறி, தாளை முழுதாக உருவி, மேசையில் அடுக்கினேன். மணிக்கூடு மட்டும் பதினொன்று வந்தது. கோப்பை செட்டுக்கு நான் கணக்கு வைக்கவில்லை.

மத்தியானம் போல ஒரு தட்டையான பார்சல் கைக்கு வந்தது. பச்சைத் தாளை உருவினால் உள்ளே ரோசாப்பூத் தாள். அதைப் பிரித்தால் கரடிக்குட்டித் தாள். அதற்கும் உள்ளே, ஒரு மடிப்பும் குலையாமல், என் கையால் கோலமிட்ட தாள். கல்முனையிலிருந்து எத்தனை ஊர், எத்தனை கல்யாணம் பார்த்ததோ, ஒருவர்கூடத் திறக்காமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருந்தது.

பிளேட்டால் மெதுவாகத் திறந்து, படத்தை மதினியின் கையில் கொடுத்தேன்.

"அல்லாவே, இது எங்கட ஊடெல்லோ! முருங்க மரமும் இரிக்கு! ஆரு புள்ள இவ்வளவு வடிவாக் கீறின?"

கண் விரிந்து, உண்மையாகவே கேட்டார். அப்போதுதான் சட்டத்தின் பின்னால் ஒட்டியிருந்த துண்டைத் திருப்பினார். 'அன்புள்ள மதினிக்கு' என்று என் எழுத்து. பிறகு மேசையில் கிடந்த கோலத் தாளை எடுத்துத் தடவினார்.

"தாள் அவ்வளவு வடிவா இருந்த புள்ள. கிழிக்க மனம் வரல்ல. அதான் திறக்கல்ல."

பச்சைப் பொய். எனக்குத் தெரியும், எனக்குத் தெரியுமென்று அவருக்கும் தெரியும். கோபத்தில் காது சுட்டது. ஆனால் இத்தனை வருடமும் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தையும் அதுதான். வேறு எவரும் சொல்லப் போவதுமில்லை.

"ஓம் மதினி" என்றேன், அடுத்த பார்சலை எடுத்தேன்.

படம் இப்போது அவருடைய ஹோலில், பதினொரு மணிக்கூட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. கோலத் தாளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.