ஐந்தடிக் கட்டில்

ஆபீசில் அவருக்கு ‘அரையடி’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் தூங்குகிறது. கட்டட வரைபடம் போடுவது தொழில். எந்தச் சுவரிலிருந்தும் அரையடி சுரண்டி, இல்லாத இடத்தில் ஓர் அறையை முளைக்க வைப்பார். ஒரு மனைக்கு இரண்டு படம். நகராட்சி முத்திரை வாங்கப் போகும் படத்தில் பக்கத்துக் கட்டடத்துக்கு ஐந்தடி இடைவெளி இருக்கும். காற்று கைவீசி நடக்கும். கொத்தனார் கைக்குப் போகும் படத்தில் ஒன்றரை அடி. பூனைகூடப் பக்கவாட்டில்தான் போக வேண்டும்.

அறை சிறியதாகத் தெரிந்தால் வாங்க வருகிறவர் முகம் சுளிப்பார். அதற்காக அறையைத் தொட மாட்டார் அரையடி, படத்தில் கட்டிலைச் சுருக்கிவிடுவார். ஆறேகால் அடிக் கட்டிலை ஐந்தடியாக வரைந்தால் அறை மண்டபமாகிவிடும். “குடி வந்தப்புறம் காலை மடக்கிக்கட்டுமே, நமக்கென்ன?”

மனை எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டதே இல்லை. அது கொள்கை. விலாசத்தை இன்ஜினியர் எழுதிக்கொள்வார். சுற்றியுள்ள வீடுகள் படத்தில் ‘பிறர் மனை’ என்ற வெறும் வெள்ளை. “எடம் தெரிஞ்சா எரக்கம் வந்துடும்யா. அப்புறம் கோடு நேரா வராது.”

அவர் குடியிருப்பது முதல் மாடியில். மனைவி தையல்காரி. வீட்டின் ஒரே வெளிச்சமான சன்னலோரம் அவள் மிஷின். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்ட, கிட்டத்தில் மட்டும் மங்கத் தொடங்கிய அவள் கண்ணுக்கு அந்த வெளிச்சம்தான் ஆதாரம்.

பக்கத்துக் காலி மனையில் அஸ்திவாரம் தோண்டியபோதே சொன்னாள். “ஏங்க, ரொம்பக் கிட்ட தோண்டுறாங்க.”

“அஞ்சடி விட்டுத்தான் கட்டுவான். பேசாம தை.”

ஒரு நாள் காலை செங்கல் சுவர் சன்னல் விளிம்பின் உயரத்தைத் தொட்டது. அளவு நாடாவோடு கீழே பாய்ந்தார் அரையடி. சரியாக ஒன்றரை அடி.

“எந்தக் கூமுட்டைய்யா இந்தப் படத்தைப் போட்டான்?”

கொத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை விரித்தார். “நீங்களே பாருங்க சார்.”

ஒவ்வோர் அறையிலும் ஐந்தடிக் கட்டில்.

“என்ன சார், சத்தம் அடங்கிடுச்சு? தெரிஞ்ச ஆளா?”

மேலே சன்னலில் மனைவி. “யாராம்?”

“யாரோ.”

“அதைத் தூக்கிப் பிடிங்க கொத்தனாரே!”

சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் படம் போடுகிற மனிதனோடு இருபது வருஷம் குடித்தனம் செய்தவள். ஒரு பார்வை போதும். “அடப்பாவி மனுஷா! அது உன் கட்டிலு!”

மேலே வந்ததும் பேப்பரை நீட்டினாள். “புகார் எழுது. முத்திரைப் படத்துல அஞ்சடி இருக்குல்ல?”

“இருக்கு. ரெண்டும் என் கைதான்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்டி.”

“ஓஹோ. உன் வேலை போகக் கூடாது, என் கண்ணு போகலாம். சரிதான்.”

மறுநாள் சன்னல் முழுக்கச் செங்கல். அவள் அவருடைய கட்டிலை இழுத்து வராந்தாவில் நிறுத்தினாள். அது கிடந்த இடத்தில், டியூப்லைட்டுக்கு நேர் கீழே, மிஷினைப் போட்டாள். அவருக்குப் படுக்கை சமையலறையில். முழங்கால் முகவாயைத் தொட்டால்தான் கதவைச் சாத்த முடியும். அவளுக்குப் பதிலாக மிஷின் கடகடவென்று திட்டியது.

மூன்றாம் நாள் ஆபீசில் புதுப் படம். படுக்கையறை ஒன்று எப்படிப் போட்டாலும் இடித்தது. பென்சிலைக் கடித்தபடி தன் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பார்த்தார் அரையடி. மனுஷன் நாலரை அடியில் படுக்கிறானே!

கட்டிலில் இன்னும் அரையடியைக் குறைத்தார். மனை எங்கே என்று கேட்கவில்லை.