பத்துக்கு ஐந்து போட்ட நித்தி அண்ணை

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஈஸ்ட் ஹாமிலுள்ள எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தது. பக்கம் முடிக்கிற நாளில் அந்த நேரத்தில் அழைப்பவர் நித்தி அண்ணை ஒருவர்தான். ஆகவே எடுத்தவுடனேயே, "அண்ணை, இந்த முறையும் கூடுதலா இடம் கேட்டால் தரமாட்டன்" என்றேன். மறுமுனையில் இருந்தவர் அவருடைய மகள் துஷ்யந்தி. "அங்கிள், அப்பா போயிட்டார். இண்டைக்குக் காலமை. தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதிரையில இருந்தவர், அப்படியே..." என்றார்.

இந்த ஆண்டு மரணச் செய்திகளை அச்சிட்டே எங்கள் கைகள் களைத்துவிட்டன. எல்லாம் போர் நடந்த ஊரிலிருந்து வந்தவை, எப்படி நடந்தது என்று எழுத முடியாதவை. அதனால், தன் வீட்டில், தன் நாற்காலியில், சூடான தேநீருக்குப் பிறகு ஒரு மனிதர் போயிருக்கிறார் என்று கேட்டபோது அழுகையோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நித்தியானந்தன் என்பது அவருடைய முழுப்பெயர். வயது அறுபத்தொன்று. லண்டன் பஸ் ஓட்டுநர். எங்கள் பத்திரிகையில் 'வாங்கலாமா?' என்ற பகுதியில் எட்டு ஆண்டுகளாக வீடியோ கேம்களுக்குத் தீர்ப்பு எழுதியவர். அவரை அறியாதவர்கள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள். முதல் நாள் நானும் சிரித்தவன்தான்.

லண்டனுக்கு வருமுன் அவர் ஜேர்மனியில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர். அங்கே கதவுப் பிடிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. காலை தொடக்கம் மாலை வரை பிடியைத் திருகிப் பார்ப்பது, எந்த இடத்தில் இறுகுகிறது, எந்த இடத்தில் இளகுகிறது என்று எழுதிக் கொடுப்பது. "நல்ல பிடியையும் உடைஞ்ச பிடியையும் ஆரும் கண்டுபிடிப்பினம், தம்பி. அரைகுறைப் பிடியைக் கண்டுபிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தவங்கள்" என்று சொல்வார். அவருடைய விமர்சனக் கொள்கை முழுவதும் இந்த ஒரு பேச்சில் அடக்கம். மற்றவர்கள் அதைப் பெரிய புத்தகங்களாக எழுதுகிறார்கள்.

துஷ்யந்தி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு பிறந்தநாளுக்குக் கேம் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார். பெட்டியின் அட்டையில் குதிரையும் கோட்டையும் பறவை நாகமும். உள்ளே ஒரு குதிரை மட்டும், அதுவும் வேலியைக் கண்டால் நின்றுவிடும். பிள்ளை அழுதது. இவருக்கு வந்த கோபத்தில் எங்களுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினார். காலை ஷிப்டுக்கும் மாலை ஷிப்டுக்கும் இடையில் கிடைக்கிற மூன்று மணிநேரத்தில், ஒரு கிழமையாக, ஏழு நாளும், அந்தக் கேமை முடிவுவரை விளையாடிப் பார்த்துவிட்டு எழுதிய கடிதம். கடைசி வரி: "குதிரை நல்ல குதிரை. அதற்கு ஒரு நல்ல கேம் கிடைக்கவேண்டும். பத்துக்கு நான்கு." நான் அதை அப்படியே போட்டேன். அடுத்த கிழமை கடையில், தெருவில், கோயிலில் எல்லாரும் என்னிடம் குதிரையைப் பற்றியே கேட்டார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு விரதம். முடிவுவரை விளையாடாமல் புள்ளி போடமாட்டார். பத்தில் ஒரு புள்ளி அவருடைய மனைவி ரதி அக்காவுடையது. இரவுச் சாப்பாட்டில் இவர் கேமின் கதையைச் சொல்வார். அக்கா "பிறகு?" என்று கேட்டால் அந்தப் புள்ளி உண்டு. "இன்னும் கொஞ்சம் சொதி விடட்டே?" என்று கேட்டால் இல்லை. அந்தப் புள்ளியை வாங்கிய கேம்கள் மிகக் குறைவு.

எங்கள் வாசகர்களுக்கு அவருடைய வரிகள் மனப்பாடம். லண்டன் தெருக்களில் கார் ஓடுகிற ஒரு கேமைப் பற்றி, "மழை இல்லை. பஸ் நேரத்துக்கு வருகிறது. கற்பனைக்கு ஒரு புள்ளி கூட்டியிருக்கிறேன். ஆறு" என்று எழுதினார். ஒரு காற்பந்துக் கேமுக்கு, "பார்வையாளர் எல்லாருக்கும் ஒரே முகம். அந்த முகம் என் மச்சானுடையது. ஐந்து." வாள் வீரன் ஒருவனைப் பற்றி, "நன்றாக ஓடுகிறார். ஏன் ஓடுகிறார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஐந்து." ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் கேம் விற்கிற கடைக்காரர் ஒருநாள் அவரை மறித்து, "அண்ணை, ஆறுக்கு மேல எண்ணத் தெரியாதோ?" என்று கேட்டார். "தெரியும். அவங்கள்தான் அதுக்கு மேல செய்யிறாங்களில்லை" என்றார் இவர்.

பாதிப் பெற்றோர் அவருடைய பகுதியை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள். பிள்ளை கையைக் காட்ட, தாய் தாளை எடுத்துப் பார்ப்பார். ஆங்கிலத்தில் எத்தனையோ விமர்சனம் இருக்கும்போது நித்தி அண்ணையின் புள்ளிக்கு அப்படியொரு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பில்தான் நான் கை வைத்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முந்திய நத்தார்க் காலம், கிறிஸ்மஸ் பரிசு வாங்குகிற நேரம். ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த ஆரணி என்ற பிள்ளை வேலை செய்த நிறுவனத்திலிருந்து, தீவுகளுக்குக் கப்பல் ஓட்டுகிற ஒரு கேம் வெளிவந்தது. எங்கள் பிள்ளை ஒன்று கேம் செய்திருக்கிறது! முன்பக்கத்தில் ஆரணியின் படத்தைப் பெரிதாகப் போட்டேன். நித்தி அண்ணையின் கட்டுரையும் வந்து சேர்ந்தது. பத்துக்கு ஐந்து.

முன்பக்கத்தில் மாலை போட்டுவிட்டு உள்பக்கத்தில் குட்டுவதா? அவரைக் கேட்கலாம் என்றால் அவர் பஸ்ஸில். கேட்டாலும் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஐந்தை அழித்து ஒன்பது என்று அடித்தேன். குறை சொல்லியிருந்த பந்தி முழுவதையும் வெட்டினேன். அதன் நடுவில் மூன்றாம் கட்டத்தைப் பற்றி நல்லதாக ஏதோ எழுதியிருந்தார். அதுவும் சேர்ந்து போயிற்று. பெரிய சமூக சேவை செய்தவனைப் போல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

பத்திரிகை வந்த அன்று சீருடையோடு அலுவலகத்துக்கு வந்தார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"உந்த ஒன்பது ஆர் போட்டது?"

"அண்ணை, எங்கட பிள்ளை. சனத்துக்கு ஒரு சந்தோசம்தானே?"

"எங்கட பிள்ளை எண்டபடியாத்தான் கேக்கிறன். அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லிப்போட்டீர். அதுவும் என்ர வாயால. அடுத்த முறை ஒரு திருத்தம் போடும்."

"ஓம் அண்ணை, போடுறன்" என்றேன். போடவில்லை. நத்தார் விளம்பரங்களுக்கு இடம் வேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஊருக்கு முன்னால் என் மூக்கு உடைபடும் என்ற பயம். அவர் ஒருமுறைதான் கேட்டார். பிறகு கேட்கவேயில்லை. அடுத்த கட்டுரையை வழக்கம்போல நேரத்துக்குக் கொண்டுவந்து தந்தார்.

நத்தார் முடிந்ததும் பஸ்ஸில் ஏறுகிற தாய்மார் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணை, உங்களை நம்பியெல்லோ வாங்கினது. பிள்ளை ரெண்டு நாளில தூக்கி எறிஞ்சிட்டான்." அவர் ஒவ்வொருவரிடமும், "பிழை நடந்திட்டுது, மன்னியுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். யாருடைய பிழை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. அந்த ஆண்டு முழுவதும் கடைகளில் தாளை எடுத்துப் பார்க்கிறவர்கள் குறைந்துபோனார்கள். சிறுகச் சிறுக, ஐந்தும் ஆறுமாகப் போட்டுத்தான் அவர் தன் பெயரை மீட்டார்.

இதற்கிடையில் ஆரணியும் என்னிடம் வந்தது. இதை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. "அங்கிள், அவர் அதை விளையாடவே இல்லை, என்ன? எல்லாருக்கும் அஞ்சு, ஆறு. எனக்கு மட்டும் நைன். பாவம் பாத்துப் போட்டவரோ?" என்று கேட்டது. கண் கலங்கியிருந்தது. அந்த வேலையை விட்டுவிட்டு வங்கி ஒன்றில் சேர விண்ணப்பித்திருப்பதாகவும் சொன்னது. "சீச்சீ, அவருக்கு நல்லாப் பிடிச்சது, பிள்ளை" என்று மறுபடியும் ஒரு பொய்யைச் சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்தது போன சனிக்கிழமை, மயானத்து மண்டபத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. அங்கே கூட்டம் நிறைய. பஸ் டிப்போவிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பக்கம். ஒரு சாரதி எழுந்து, ஓய்வறையில் தருகிற தேநீருக்கும் நித்தி புள்ளி போடுவார் என்று சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். ரதி அக்காவும் சிரித்தார். ஆரணி என் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்தது. இப்போதும் அதே கேம் துறையில்தான் இருக்கிறது, வங்கிக்குப் போகவில்லை.

"நான் அவரைத் தேடிப் போனனான், அங்கிள். அவரின்ர பஸ்ஸில ஏறிக் கடைசி ஸ்டொப் வரைக்கும் இருந்தனான். ஏன் நைன் எண்டு கேட்டன். பையில இருந்து கொப்பியை எடுத்து, அவர் எழுதினதைக் காட்டினவர். ஐந்து எண்டு இருந்தது. அதைப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு அழுதிட்டன். அதுக்கு மேல மூண்டாம் கட்டத்தைப் பற்றி எழுதியிருந்தார். அதை நான்தான் செய்தது எண்டு அவருக்குத் தெரியாது. அண்டைக்கே அந்த வரிகளை எழுதிக்கொண்டு வந்து மேசையில ஒட்டினனான். இப்பவும் இருக்கு."

"ஒன்பது எப்படி வந்ததெண்டு சொன்னவரோ?" என்று கேட்டேன்.

"பிரிண்டிங் மிஸ்டேக் எண்டு சொன்னவர்."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எல்லாரையும் எழும்பச் சொன்னார்கள். பெட்டியைத் தூக்கியவர்களில் நான்கு பேர் பஸ் சாரதிகள், சீருடையிலேயே வந்திருந்தார்கள். நாங்கள் இரண்டு பக்கமும் விலகி நின்றோம். அவர்கள் அவசரமில்லாமல், ஆடாமல், ஒரே சீராக எங்கள் நடுவால் அவரைக் கொண்டுபோனார்கள். அந்த நேரத்தில் முடிவு செய்ததை இங்கே செய்கிறேன்.

திருத்தம்: மூன்று ஆண்டுகளுக்கு முன் இந்தப் பத்திரிகையில் ஒரு கப்பல் கேமுக்கு ஒன்பது புள்ளி என்று வெளிவந்தது. அது அச்சுப் பிழையல்ல. ஆசிரியராகிய நான் வேண்டுமென்றே செய்தது. அதை நம்பி வாங்கிய பெற்றோரிடமும், ஆரணியிடமும், ரதி அக்காவிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நித்தி அண்ணை கொடுத்தது ஐந்து. அவர் எழுதி நான் வெட்டியதை ஆரணியின் மேசையிலிருந்து வாங்கி, ஓர் எழுத்தும் மாற்றாமல் தருகிறேன். போயிட்டு வாங்கோ, அண்ணை.

"மூன்றாம் கட்டத்தில் ஒரு துறைமுகம் வருகிறது. மழை பெய்கிறது. அங்கே எதிரி இல்லை, செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. நான் சும்மா நின்று பார்த்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாக ஷிப்டுக்குப் பிந்திப் போனேன். இதைச் செய்தவர் யாரோ தெரியாது. இந்த வேலையை அவர் விட்டுவிடக் கூடாது."